ஐஸ் ஹாக்கியில் ஒரு பிரீசீசன் (சீசனுக்கு முந்தைய பயிற்சி) ஆட்டத்தை வைத்து கோல்கீப்பரை மாற்றணுமா?

வேண்டாம். 18 ஷாட்டில் 4 கோல் விட்டார், சேவ் சதவீதம் (தடுத்த ஷாட்களின் பங்கு) 77.8 என்று பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் இரண்டைப் பிடித்திருந்தால் 88.9 ஆகியிருக்கும், அவ்வளவு சின்னக் கணக்கு இது.

அந்த ஆட்டத்தில் உங்கள் அணி ஒரே கோல் அடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஆள்தேர்வுதான். பிரீசீசனில் 8 அனுபவ வீரர்கள் இறங்கினாலே என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) விதிக்குப் போதும், மீதிப் பேர் இடம் பிடிக்கப் போராடும் இளைஞர்களாக இருக்கலாம். பவர்பிளேயில் (எதிரணி தண்டனையால் ஆள் குறைவாக ஆடும் நேரம்) முதல் யூனிட், அதாவது முக்கிய வீரர்களின் குழு, ஆடியதா என்று பாருங்கள்.

அப்புறம் அந்த 4 கோலையும் மறுபடி போட்டுப் பாருங்கள்: முன்னால் ஆள் மறைத்ததா, பக் (ஆடும் வட்டு) யார் மேலாவது பட்டுத் திரும்பியதா, இல்லை தெளிவாகத் தெரிந்த ஷாட்டையே விட்டாரா?

ஆனால் ரீபவுண்டை (தடுத்தபின் தெறிக்கும் பக்கை) வலைக்கு நேர் எதிரே தள்ளிவிடுகிறார் என்றால், அதை மட்டும் பிரீசீசன்தானே என்று ஒதுக்காதீர்கள், சீசனிலும் அடி வாங்க வைக்கும்.