மேல்தளத்தில் ஓடுகிறவர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்கு வயது 41. சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், அலுவலக வேலை. பெண்களுக்கான 10 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பள்ளியில் 2.4 கிலோமீட்டர் ஓடியதோடு சரி, அதற்குப் பிறகு ஓடியதே இல்லை. இரவில் பிள்ளைகள் தூங்கியதும் எங்கள் புளோக்குக்குப் பக்கத்திலுள்ள பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் ஓடிப் பழகுகிறேன். கீழே நல்ல பூங்கா இணைப்புப் பாதை இருக்கிறது. ஆனால் அங்கே தெரிந்தவர்கள் வருவார்கள். ஒருநாள் எதிர்வீட்டு ஆன்ட்டி பார்த்துவிட்டு, “இந்த வயதில் எதற்கம்மா? முட்டி தேய்ந்துவிடும், கறுத்தும் போய்விடுவாய்” என்றார். மூன்று கிலோமீட்டர் தாண்டினால் மூச்சு முட்டுகிறது, நடக்க வேண்டியிருக்கிறது. என்ன காலணி வாங்கலாம்? இடையிடையே நடந்தால் ஏமாற்றுவது ஆகாதா? இன்னும் பத்து வாரம்தான் இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளலாமா?

ர., ஈசூன்

அன்புள்ள ர.,

மாற்ற வேண்டாம். உங்களால் முடியும். காலணியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், இடம் இருந்தால். ஆன்ட்டியின் முட்டிக் கவலைக்கு ஒரு வரி போதும்: உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களுக்கு, ஓடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களைவிட முட்டித் தேய்மானம் அதிகம் வருவதில்லை. கறுத்துப் போவதைப் பற்றி நான் என்ன சொல்ல? இரவு பத்து மணிக்கு ஓடுகிறவரை எந்த வெயில் கறுக்க வைக்கும் என்று அவரிடமே கேட்டிருக்கலாம்.

ஆனால் அந்த மேல்தளத்தை என்னால் அப்படி விட முடியவில்லை. சில காலமாகவே இதைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். மாலை நேரங்களில் லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கப் பக்கம் நான் மெல்ல ஓடுவதுண்டு. அங்கே நம் பெண்களும் வருகிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தனியாக இருக்கும்வரை நிதானமாகப் போகிறவர், எதிரே ஓர் ஆள் வருவது தெரிந்ததும் முதுகை நிமிர்த்தி வேகம் பிடிக்கிறார். அந்த ஆள் கடந்து போனதும் இடுப்பில் கைவைத்து நின்று இரைக்கிறார். ஒருவர் இருவர் இல்லை, பலர் அப்படி. ஆண்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை.

மூன்றாவது கிலோமீட்டரில் உங்களுக்கு மூச்சு முட்டுவதற்கு வயது காரணமில்லை. நீங்கள் உங்கள் உடலுக்கு மீறிய வேகத்தில் ஓடுகிறீர்கள். ஏன் அந்த வேகம்? யாராவது காரை எடுக்க வருவதற்குள் முடித்துவிட வேண்டுமே என்ற அவசரம். வெட்கம்தான் உங்களைத் துரத்துகிறது. முதல்முறை 10 கிலோமீட்டர் ஓட வருகிறவர்களில் பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான். பயிற்சித் திட்டங்கள் இதைச் சொல்வதில்லை. வாரத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கட்டம் போட்டுத் தருகின்றன. கட்டத்தை வைத்துக்கொண்டு வெட்கத்தை என்ன செய்வது?

அதிலும் இது சிங்கப்பூர். வியர்வை காற்றில் ஆவியானால்தான் உடல் குளிரும். இங்கே விடிவதற்குச் சற்று முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். வியர்வை ஆவியாகாமல் சட்டையில் ஊறிக் கீழே சொட்டும். உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்கும் ஓட வேண்டும், காலுக்கும் ஓட வேண்டும். இதயம் இரண்டு முதலாளிக்கு வேலை பார்க்கிறது. குளிர்நாட்டில் ஒருவர் சுலபமாகப் பிடிக்கும் வேகம் இங்கே அதே ஆளுக்கு மூச்சிரைக்கும் வேகம். இணையத்தில் கண்ட வெளிநாட்டுக்காரர் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்றால் நீங்களும் ஆறு நிமிடமா? எட்டு நிமிடம் போங்கள். 10 கிலோமீட்டருக்கு 80 நிமிடம் ஆகும். அதில் என்ன குறைந்துவிட்டது? ஒன்பது ஆனாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சரியான வேகம் எது என்று அறிய கைக்கடிகாரம் வேண்டாம், அதைக் கழற்றி இழுப்பறையில் போடுங்கள். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் நாத்தனாரைப் பற்றி முழு வாக்கியமாகக் குறை சொல்ல முடிகிறதா? அது உங்கள் வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறையுங்கள். இன்னும் குறையுங்கள். நடக்கிறவர் உங்களை முந்திப் போனாலும் பரவாயில்லை. மெதுவாக ஓடப் பழக வேண்டும் என்பதை நான் ஆயிரம் முறை சொல்லத் தயார், கேட்பவர்தான் இல்லை.

பார்க்கிற கண்கள் பெண்களின் ஓட்டத்தை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஓடி முடித்தவர்களில் ஓரிருவர் களைத்து விழுந்தார்கள். ஆண்களும் விழுவதுதான். ஆனால் பத்திரிகைகள் அதைப் பெரிதாக ஊதி எழுதின. பெண் உடல் இதைத் தாங்காது என்று பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். மறுபடி வைத்தது 1960இல். 32 ஆண்டுகள். பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் வந்தது 1984இல்தான்.

அந்த 800 மீட்டர் எனக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. என் அப்பா பள்ளித் திடல்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். விளையாட்டு விழா வருகிறது என்றால் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு புல்லில் ஓடுபாதைக் கோடு போடுவார். வளைவில் வெளிப்பாதைக்காரர் ஏன் முன்னால் நிற்க வேண்டும் என்பதை வீட்டு மேசையில் தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டியவர் அவர். அவர் போட்ட கோடு கோணியதை நான் பார்த்ததில்லை. உயர்நிலைப் பள்ளி முதலாம் ஆண்டில் 800 மீட்டருக்கு என் பெயர் வந்தபோது அதே அப்பா வேண்டாம் என்றார். “ஓடுவதில் தப்பில்லை. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவதை அத்தனை பேர் பார்ப்பார்களே” என்றார். அம்மா அடுப்படியிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை.

1983இல் தென்கிழக்காசிய விளையாட்டுகள் இங்கே நடந்தன. பெண்கள் மாரத்தானில் கே. ஜெயமணி தங்கம் வாங்கினார். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தானே இல்லாத நாள் அது, கவனியுங்கள். ஒரு தமிழ்ப் பெண் இந்தத் தீவின் சாலையில் 42 கிலோமீட்டர் ஓடி முதலாவதாக வந்தார். அப்பா அந்தச் செய்தியை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ஒருமுறை படித்துப் போதாமல் மறுபடியும் படித்தார். “நம் பிள்ளை” என்றார். நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நல்ல மனிதர், என்னைப் படிக்க வைத்தவர். அந்தக் கோபம் மட்டும் இன்னும் முழுக்க இறங்கவில்லை. ஊரார் வீட்டுப் பெண் ஓடினால் நம் பிள்ளை, நம் பிள்ளை ஓடினால் ஊர் என்ன சொல்லும்!

ஆகவே உங்கள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல், சொல்லாமல் இருக்க முடியாது. என் அப்பா என்னைத் தடுத்தார். உங்களை யார் தடுத்தார்கள்? கணவர் தடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டி ஒருமுறை வாய் திறந்ததற்காகக் கார்களுக்கு நடுவில், எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரையில், திரும்பித் திரும்பி ஓடுகிறீர்களே! வீட்டு வாசலில் மரநிழலோடு ஒரு பாதையைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதில் காலை வைக்க யாருடைய அனுமதிக்குக் காத்திருக்கிறீர்கள்? தவிர, நீங்கள் பெயர் கொடுத்திருப்பது ஆயிரக்கணக்கானோர் ஓடும் பந்தயம். அன்றைக்கு எங்கே ஒளிவீர்கள்? முதல் கிலோமீட்டரில் எல்லோரும் பாய்ந்து போவார்கள், நீங்களும் வெட்கத்தில் பாய்வீர்கள், நான்காவதில் உட்கார்ந்துவிடுவீர்கள். பிறர் பார்க்க மெதுவாக ஓடுவதற்கும் பயிற்சி வேண்டும் அம்மா. அதைக் கீழே இறங்கித்தான் பெற முடியும்.

பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் நேரம் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வாரநாளில் இரண்டு இரவு, அரைமணி நேரம் போதும், ஆனால் கீழே ஓடுங்கள். சனி அல்லது ஞாயிறு பிள்ளைகளை அவர்களின் அப்பாவிடம் விட்டுவிட்டு விடிகாலையில் ஒரு நீண்ட ஓட்டம். வாரம் அரைக் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று கூட்டி எட்டுவரை போனால் போதும். மீதி இரண்டைப் பந்தய நாளின் உற்சாகம் இழுத்துப் போய்விடும். பந்தயங்களை இங்கே பெரும்பாலும் இருட்டோடு தொடங்குகிறார்கள், அந்தப் புழுக்கம் உடலுக்குப் பழகட்டும்.

நடப்பது ஏமாற்று வேலையா? இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, ஓட்டத்துக்கு நடுவே குறித்த இடைவெளியில் நடக்கும் முறையையே உலகத்துக்குப் பரப்பினார். அதில் ஒரே நிபந்தனை, மூச்சு முட்டுவதற்கு முன்பே நடக்க வேண்டும். நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து பாருங்கள். யார் எதிரே வந்தாலும் அந்த ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

காலணி: மாலையில் கடைக்குப் போங்கள், கால் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். இந்த வாரமே வாங்குங்கள், பந்தயத்தன்று புதுக் காலணி வேண்டாம். அன்றைக்குப் பின்வரிசையில் நில்லுங்கள். எண் அட்டையில் ஒட்டியிருக்கும் சில்லு, தொடக்கக் கோட்டை நீங்கள் தாண்டும்போதுதான் உங்கள் நேரத்தைக் கணக்கிடத் தொடங்கும். அதனால் முண்டியடிக்க வேண்டியதில்லை.