ஹனிஃபாருவில் டைவ் செய்ய முடியாது, ஆனால் திட்டம் நல்லதுதான்

அக்டோபரில் மனைவியோடு மாலத்தீவு, பா அட்டோல் என்ற பவளத் தீவுக் கூட்டத்தில் ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட், ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகளோடு டைவ் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹனிஃபாருவில் ஸ்கூபாவுக்கு, அதாவது காற்று உருளையோடு ஆழத்தில் இறங்கும் டைவுக்கு, அனுமதி கிடையாது; மூச்சுக் குழாயோடு நீர்மட்டத்தில் நீந்தும் ஸ்நோர்கெல் மட்டும்தான். டைவ் தெரியாத உங்கள் மனைவியும் கூட இறங்கலாம் என்பதால் எனக்கு இது நல்லதாகவே படுகிறது. மாண்டா காலம் மே முதல் நவம்பர் வரை, அதனால் மாதம் சரி.

ஆல் இன்க்ளூசிவ் என்றால் பெரும்பாலும் சாப்பாடும் பானங்களும்தான்; டைவ் தனிக் கணக்கு. படகு, கருவி வாடகை, வரி எல்லாம் சேர்த்து ஒரு டைவுக்கு எவ்வளவு என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். கரையிலிருந்தே இறங்கக்கூடிய பவளப்பாறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் படகுச் செலவு நிறைய மிச்சம்.

அப்புறம், கடைசி நாள் காலையில் டைவ், மதியம் கடல் விமானம் என்ற திட்டத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பல நாள் டைவ் செய்தபின் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. உடம்பில் தங்கிய நைட்ரஜன் குமிழியாகி ஆளையே முடக்கிவிடலாம். கிளம்புவதற்கு முந்தைய நாளை ஹனிஃபாருவுக்கு ஒதுக்குங்கள், அன்று டைவ் வேண்டாம்.