யோகோஹாமா பள்ளிக்குப் போகும் மகள்

கேள்வி: கணவரின் வேலை காரணமாக ஏப்ரலில் ஜப்பானின் யோகோஹாமாவுக்குக் குடிபெயர்கிறோம். கோவையில் மூன்றாம் வகுப்பை முடிக்கும் எட்டு வயது மகளை அங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்த்தால், மறுபடியும் மூன்றாம் வகுப்பில்தான் உட்கார வைப்பார்களாம். பிள்ளைகளே வகுப்பறையைப் பெருக்கித் துடைக்க வேண்டுமாம். மனம் ஒப்பவில்லை. நாங்கள் சைவம்.
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சகோதரி, நீங்கள் கேள்விப்பட்ட இரண்டும் உண்மைதான். ஆறு வயது நிரம்பிய பிறகே அங்கே முதல் வகுப்பு என்பதால், எட்டு நிரம்பியவளுக்கு மூன்றாம் வகுப்பே வயதுக்குரியது. அதை யாரும் தாழ்வாகப் பார்க்க மாட்டார்கள். அந்த வகுப்பே அவளுக்குச் சுலபமாக இருக்காது. உடன் படிப்பவர்கள் அதற்குள் ஹிரகானா, கதகானா என்ற இரு எழுத்து வரிசைகளோடு 240 கஞ்சி எழுத்துகளையும் (பெயர்தான் கஞ்சி, குடிப்பது எளிதல்ல) கற்றிருப்பார்கள். அந்த ஆண்டில் இன்னும் 200 சேரும். ஹிரகானாவையாவது இப்போதே வீட்டில் தொடங்கிவிடுங்கள்.

துடைப்பது பற்றி இவ்வளவு வருந்த வேண்டாம். நம் ஊரில் சில பள்ளிகளில் குறிப்பிட்ட பிள்ளைகளை மட்டும் அந்த வேலைக்கு ஏவிய கொடுமையைச் செய்திகளில் படித்திருப்பதால்தான் நமக்கு மனம் சுருங்குகிறது. அங்கே முறைவைத்து எல்லோரும் செய்கிறார்கள். ஈரத்துணியை இரு கைகளாலும் தரையில் அழுத்தியபடி, குனிந்த வாக்கிலேயே நடைவழி முழுக்க ஓடித் துடைப்பது பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஓட்டப்பந்தயம்.

என் கவலையெல்லாம் சாப்பாட்டைப் பற்றியது. கோவையில் அவரவர் டிபன் பாக்ஸை அவரவர் திறப்பார்கள். ஜப்பானியத் தொடக்கப் பள்ளியில் அனைவருக்கும் ஒரே உணவு. வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் அணிந்த மாணவர்களே பரிமாற, வகுப்பறையிலேயே ஆசிரியரோடு அமர்ந்து உண்பார்கள். பார்வைக்கு வெறும் காய்கறிச் சூப்பாகத் தெரிவதிலும் மீன் சாறு கலந்திருக்கக்கூடும். எனவே சேர்க்கையின்போதே இதைத் தெளிவாகச் சொல்லி, வீட்டிலிருந்து உணவு கொடுத்தனுப்ப அனுமதி கேளுங்கள். வகுப்பில் அவள் ஒருத்தி மட்டும் எலுமிச்சை சாதத்தைத் திறக்கும் நாளுக்கு அவளையும் பேசித் தயார்படுத்துங்கள். பரிமாறும் முறை வரும்போது மட்டும் அவளை விலக்கி வைக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு அங்கே கட்டாயக் கல்வி விதி பொருந்தாது. ஆகவே, அழைப்புக்குக் காத்திராமல், குடியேறியதும் நீங்களே வார்டு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். கல்விக் கட்டணம் இல்லை, பாடநூல்களும் இலவசம். பள்ளிக்குள் அணிய 'உவாபாகி' என்ற தனிக் காலணி மட்டும் முதல் நாளே கையில் இருக்கட்டும்.