எட்டு மாசமா ‘சாப்டாச்சு’ன்னு சொன்னா எப்படி?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 27. கோவில்பட்டிப் பக்கம். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்துவிட்டு, போன மே மாதம் தாய்லாந்து வந்தேன். கோன் கேன் நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊர், அரசுப் பள்ளியில் ஆங்கில டீச்சர் வேலை. பிள்ளைகள் தங்கம். ஸ்டாஃப் ரூமில்தான் எனக்கென்று ஒருவரும் இல்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள், யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. வந்த புதிதில் வயசென்ன, கல்யாணம் ஆச்சா, சம்பளம் எவ்வளவு என்று குடைந்தார்கள். நான் பிடி கொடுக்கவில்லை. தினமும் ‘சாப்டாச்சா’ என்பார்கள். நான் சைவம், அவர்கள் கிண்ணத்தில் என்ன கிடக்கிறதென்றே தெரியாது. ‘ஆச்சு’ என்று சொல்லிவிட்டு என் மேஜையில் தயிர்சாதத்தைத் திறந்துவிடுவேன். இப்போது கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். பிலிப்பைன்ஸ் டீச்சர்கள் நாலு பேரும் தங்களுக்குள் தங்கள் மொழியில் பேசிக்கொள்கிறார்கள். இங்கிலாந்துக்காரர் ஒருவர் இருக்கிறார். என் படிப்பு அவருக்கு இல்லை, சம்பளம் மட்டும் என்னைவிட அதிகம். போன வாரம் ஒரு பையன் என்னைக் காட்டி ‘கேக்’ என்றான். இந்தியர்களை அப்படித்தான் சொல்வார்களாம். அன்று ராத்திரி அழுதேன். அம்மாவிடம் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொல்கிறேன். மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. திரும்பி வந்துவிடட்டுமா?

- பெயர் வேண்டாம், தாய்லாந்து

பதில்: அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நானும் ‘நீ’ என்றே எழுதுகிறேன். அங்கிருந்தே தொடங்கலாம். நான் உன்னைவிட மூத்தவள் என்று தெரிந்ததால்தானே அக்கா போட்டாய்? தாய் மொழியிலும் (உன் தாய்மொழி இல்லை, அந்த நாட்டு மொழி) அதே கதைதான். மூத்தவர் ‘பீ’, இளையவர் ‘நோங்’. எதிரில் நிற்பவர் பீயா நோங்கா என்று தெரியாமல் அவர்களுக்கு வாயே திறக்காது. வயசைக் கேட்டது உன்னை எந்த முறையில் சேர்த்துக்கொள்வது என்று பார்க்கத்தான். நீ சொல்லவில்லை, அவர்களும் உன்னை எங்கே வைப்பதென்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். சம்பளம் கேட்டதற்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் நம் ஊர்க் கல்யாண வீட்டில் கேட்காத கேள்வியா அது?

அடுத்தது அந்தச் சாப்பாடு. ‘கின் காவ் ரூ யாங்’ என்றால் வார்த்தைக்கு வார்த்தை ‘சோறு தின்னாச்சா’. நம் தெருவில் யாராவது ‘சாப்டாச்சா’ என்று கேட்டால் வயிற்றையா விசாரிக்கிறார்கள்? வா, உட்கார், இரண்டு வார்த்தை பேசு என்பதுதானே. கோவில்பட்டிக்காரி உனக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது! நீ எட்டு மாசமாக ‘ஆச்சு’ என்று கதவைச் சாத்தியிருக்கிறாய். நீ இருப்பது ஈசான் வட்டாரம். அங்கே ஆவியில் வெந்த ஒட்டும் அரிசிச் சோற்றைக் கையால் பிசைந்து உருட்டி, நடுவிலிருக்கும் பொதுக் கிண்ணத்தில் தொட்டுச் சாப்பிடுவார்கள். தாய்லாந்தில் கையால் சாப்பிடும் பக்கத்தில் போய் இறங்கியும் ஸ்பூனும் டப்பாவுமாகத் தனியே உட்கார்ந்திருக்கிறாயே!

சைவம் என்பதை மறைக்காதே, பெரிதாக விளக்கவும் வேண்டாம். ‘மங்ஸவிரத்’ என்பார்கள். மாமிசம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, பார். சின்ன ஊர்க் கடைகளில் ‘கின் ஜே’ என்றால் இன்னும் சீக்கிரம் புரியும், ஆனால் அதில் பூண்டு, வெங்காயம், பால், முட்டை எல்லாமே விலக்கு. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்குகிற கடை அதற்குத்தான். பப்பாளிக்காய் ஸோம் தம் இடிக்கும்போது மீன் சாறும் காய்ந்த இறாலும் வேண்டாம் என்று சொன்னால், அது இல்லாமல் என்ன ஸோம் தம் என்று கடைக்கார அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும். நாளைக்கு உன்னைப் பார்த்ததும் அவளே ஞாபகமாகக் கேட்பாள்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. நீ மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய், அவர்கள் உன்னிடம் பேசுவதில்லை என்று. எந்த மொழியில் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய்? ஆங்கிலத்தில்தானே? உன் வயதில் நானும் அந்த நாட்டில் மூன்று வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். கணக்கு டீச்சர் ஒருத்தி என்னைக் கண்டாலே வராந்தாவில் திரும்பி நடப்பாள். கர்வம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பயம். இங்கிலீஷ் டீச்சர் முன்னால் ‘ஹேஸ்’, ‘ஹேவ்’ தப்பாகப் போய்விட்டால் மானம் போய்விடுமே என்று. ஒரு வருஷம் முழுக்க நான் கையில் சிவப்புப் பேனா வைத்துக்கொண்டு நடப்பதுபோலத்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறேன்.

அது உடைந்தது எப்படித் தெரியுமா? அவள் புதுச் சேலை மாதிரி ஒரு பட்டுப் பாவாடை கட்டி வந்தாள். நான் படித்து வைத்திருந்த தாய் வார்த்தையை எடுத்து ‘ஸுவாய்’ என்றேன். அந்த மொழியில் ஐந்து சுரம். குரலை ஏற்றிச் சொன்னால் அழகு. தட்டையாகச் சொன்னால் துரதிர்ஷ்டம், பீடை. நான் தட்டையாகச் சொன்னேன். அறை முழுக்கச் சிரித்தது. அவள் என்னை உட்காரவைத்து, ஒரு தாளில் அம்புக்குறி போட்டு, இருபது தடவை சொல்லவைத்தாள். அன்றைக்கு அவள் டீச்சர், நான் மக்குப் பிள்ளை. மறுநாள் அவளாக வந்து, உடைந்த இங்கிலீஷில் தன் மாமியாரைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள்!

நீயும் எதிலாவது மக்காகு. நோட்டும் பென்சிலுமாகப் போய் ஒருத்தரிடம் தாய் எழுத்து கற்றுக்கொடுக்கச் சொல். பள்ளிக்கூடத்து லைன் குரூப்பில் இருக்கிறாயா? அங்கே வாட்ஸ்அப்பில் அம்மாவும் சித்தியும்தான் வருவார்கள். ஊர் முழுக்க லைனில்தான். திங்கள்கிழமை மஞ்சள் பூ, செவ்வாய் ரோஜா நிறப் பூ என்று காலை வணக்கப் படம் போடுகிற மூத்த டீச்சர் ஒருவர் கட்டாயம் இருப்பார். (நம் பெரியப்பாக்களின் தூரத்துச் சொந்தம்.) அவருக்கு ஒரு ஸ்டிக்கர் திருப்பி அனுப்பு, போதும்.

பிலிப்பைன்ஸ் டீச்சர்கள் நாலு பேரையும் ஒரு கூட்டமாகப் பார்க்காதே. அதில் ஒருத்தியைத் தனியாகப் பிடித்துச் சந்தைக்குக் கூப்பிடு. அவர்களும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள், அம்மாவிடம் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்கிறவர்கள். ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ (ஆங்கிலமே தாய்மொழியானவர்) இல்லை என்று சொல்லிச் சம்பளம் குறைக்கப்படுவது உனக்கு மட்டும் நடப்பதில்லை. அது அநியாயம், அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உன் சம்பளத்தை நிர்ணயித்தது பக்கத்து மேஜைக்காரர் அல்ல. கோபத்தை ஒப்பந்தத்தில் காட்டு. விடுமுறை மாதச் சம்பளம் தராமல் பத்து மாதத்துக்கே கையெழுத்து வாங்குகிற பள்ளிகள் உண்டு, உன்னுடையது எது என்று பார். பன்னிரண்டு மாதம் கேள், வாடகை கேள். ஆசிரியர் உரிமம் இல்லாத வெளிநாட்டவர்களுக்கு அங்கே ‘குருசபா’ என்கிற ஆசிரியர் கவுன்சில் தருவது இரண்டு வருடத் தற்காலிக அனுமதிதான். உன் கையிலோ பி.எட். இருக்கிறது. பள்ளிக்கு அதன் மதிப்பு தெரியும், உனக்குத்தான் தெரியவில்லை.

‘கேக்’ விஷயம். தமிழில் எழுதினால் பிறந்தநாள் கேக் மாதிரி இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் விருந்தாளி. பாங்காக் சீலோமில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலையும் ‘வாட் கேக்’ என்றுதான் சொல்கிறார்கள். இந்தியர், மலாய்க்காரர், அரபியர் எல்லாருக்கும் அதே பெயர். அதற்காக அது எப்போதும் வலிக்காத சொல் என்று உனக்குச் சர்க்கரை தடவ மாட்டேன். வெள்ளைத் தோல் க்ரீம் அலமாரி அலமாரியாக விற்கிற நாடு அது, நம் நாட்டைப் போலவே. இளக்காரமாகச் சொல்கிறவர்களும் உண்டு, குரலிலேயே தெரிந்துவிடும். ஆனால் பள்ளிக்கூடத்துப் பையன்? போன வருஷம் ‘வைக்ரூ’ என்கிற ஆசிரியர் வணக்க நாளில் அருகம்புல்லும் இட்லிப்பூவும் கத்தரிப்பூவும் வைத்த தட்டோடு ஆசிரியர்கள் முன்னால் மண்டியிட்ட வரிசையில் அவனும்தானே இருந்திருப்பான்? அவனிடம் உன் பெயரைச் சொல்லு. ‘க்ரூ’ சேர்த்துக் கூப்பிடச் சொல்லு. நம் ‘குரு’தான் அது.

திரும்புவதா என்ற கேள்விக்கு வருகிறேன். மார்ச்சில் பள்ளி மூடும்போது வெளிநாட்டு டீச்சர்களில் பாதிப் பேர் பெட்டி கட்டுவார்கள், ஊர் காலியாகும். அந்த வெறுமையில் முடிவெடுத்தால் எல்லாமே தப்பாகத் தெரியும். இப்போதே, கையிலிருக்கும் ஐந்தாறு வாரத்தில், மதியச் சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்து பார். அதற்குப் பிறகும் ஒட்டவில்லையென்றால் தாராளமாகக் கிளம்பி வா; சித்திரை ஒன்றுக்கு வீட்டில் இரு. (அதே நாட்களில்தான் அவர்களுக்கும் ஸோங்க்ரான் புத்தாண்டு. ‘சங்கராந்தி’ என்ற சொல்தான் அது.) எப்படியிருந்தாலும் அம்மாவிடம் உண்மையைச் சொல். அங்கே மணி ஒன்பதென்றால் இங்கே ஏழரைதான், முழித்துத்தான் இருப்பார்.

சொல்லும்போதே ஒரு பார்சலும் கேள். உங்கள் ஊர்க் கடலைமிட்டாய் இரண்டு கிலோ, 2020-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அது. மதிய மேஜையில் பிரித்து வை. அவர்களிடமும் கடலையைப் பாகில் போட்டு வெட்டுகிற ‘துவா தாட்’ உண்டு, அதனால் எது உசத்தி என்று கட்டாயம் சண்டை வரும். ‘அரோய் குவா’ என்றால் ‘இது அதைவிட ருசி’. சுரம் தப்பினாலும் பரவாயில்லை, சத்தமாகச் சொல்.