மனநலத்துக்காக நிதி திரட்டி மாரத்தான் ஓடுவதில் உண்மையிலேயே பயன் உண்டா? அந்தப் பணத்தை நேராகவே கொடுத்துவிடலாமே?

தாராளமாகக் கொடுக்கலாம், யார் வேண்டாம் என்றது? ஆனால் இப்படிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஓடுவதுமில்லை, கொடுப்பதுமில்லை. நீங்கள் அப்படியில்லை என்றால் மன்னிக்கவும். போன வருஷம் என் மாமா இதையே கேட்டார், அந்தக் கடுப்பு இன்னும் இறங்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு முதலில் தூக்கம் போனது, அப்புறம் பசி. ஆபீஸில் லிஃப்ட் நான்காவது மாடியில் திறக்கும். நான் வெளியே வராமல் அப்படியே கீழே இறங்கிவிடுவேன். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிய டாக்டர், தினமும் நடக்கவும் சொன்னார். மெரினாவில் கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலை வரை நடந்தேன், சில மாதத்தில் அதையே ஓடினேன். ஓடினால் மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். இன்றைக்கும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டுதான் ஓடுகிறேன்.

சென்னை மாரத்தானில் 10 கி.மீ.க்குப் பெயர் கொடுத்தேன். பதிவுக் கட்டணம் கட்டியதாலேயே நன்கொடை கொடுத்ததாக ஆகிவிடாது, அதைத் தனியாகத் திரட்ட வேண்டும். ஸ்கார்ஃப்புக்கு 50,000 ரூபாய் என்று இலக்கு வைத்தேன். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய அமைப்பு அது. ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருகிறார்கள்.

கேட்கிறபோது காரணம் சொல்லணுமே. 'மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், அதனால் ஓடுகிறேன்' என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் அம்மா போன். "தங்கச்சிக்கு வரன் பார்க்கிற நேரத்தில இதை ஊருக்கெல்லாம் சொல்லணுமாடா? அழிச்சிடு." அதுவரை அம்மா எல்லோரிடமும் எனக்கு முதுகுவலி என்றுதான் சொல்லிவைத்திருந்தார். நான் அழிக்கவில்லை. அதற்குக் கீழேதான் மாமா, நேராகக் கொடுத்தால் போச்சு, எதுக்கு ஓடணும் என்று எழுதினார். பணம் வரவில்லை. ஆபீஸில் ஒருத்தர், புதிய வருமான வரி முறையில் நன்கொடைக்கான 80ஜி வரிக் கழிவு கிடையாது என்று தெரிந்ததும் 1,000 ரூபாயை 200 ஆக்கினார்.

ராத்திரி பத்தரைக்குச் சித்தப்பா கூப்பிட்டார். 3,000 அனுப்பியிருந்தார். "பேர் போடாதேடா" என்றார். அப்புறம் பேச்சே இல்லை. டிவியை அணைத்தது கேட்டது. "நீ பார்க்கிற டாக்டர் வயசுப் பிள்ளைங்களையும் பார்ப்பாராடா?" அவர் மகள் எட்டு மாதமாகக் கல்லூரிக்குப் போகவில்லை. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எங்களுக்கெல்லாம் தெரியும். டாக்டர் நம்பரையும், அவசரத்துக்கு டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி சேவையின் 14416ஐயும் கொடுத்தேன். அது இலவசம், எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

நான் சத்தமில்லாமல் ஸ்கார்ஃப்புக்குப் பணம் அனுப்பியிருந்தால் இந்த போன் வந்திருக்குமா?

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். உடல் நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். நான் புதுப் பாலிசி எடுக்கப் போய், என்ன மாத்திரை என்று உண்மையை எழுதினேன். விண்ணப்பம் திரும்பி வந்தது. ஏன் என்று கேட்டால் போனில் அந்தப் பையன், "மாரத்தான் ஓடுறேன்னு வேற போட்டிருக்கீங்க, அப்புறம் என்ன சார் டிப்ரஷன்?" என்கிறான். முதுகுவலி என்றே எழுதியிருக்கலாம் போல.

மொத்தம் 37,400 ரூபாய் சேர்ந்தது. 10 கி.மீ.க்கு ஒரு மணி 19 நிமிஷம். கடைசி இரண்டு கிலோமீட்டர் நடைதான். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த மாமா பதக்கத்தைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "பித்தளையா?" என்றார்.