தராசுக்கு அடியில் ஒரு கவர்

அன்புள்ள ஐயா,

பெயர் போடாமல் எழுதுவதற்கு மன்னிக்கவும். 2005-ல் மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டே, கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் சாயங்காலம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கல்லாவிலிருந்து எட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்துவிட்டேன். பரீட்சைப் பணம் கட்ட வேண்டியிருந்தது, கொஞ்சம் கைமாற்றும் இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த மாதமே என்னோடு வேலை பார்த்த ஓர் அண்ணன் நின்றுவிட்டார், அடுத்த வருடம் நானும் படிப்பு முடிந்து கிளம்பிவிட்டேன்.

2012-ல் நல்ல வேலை அமைந்ததும் அதே போல எட்டு நோட்டைக் கவரில் போட்டு பீரோவில் வைத்தேன். கொண்டுபோய்க் கொடுக்கத் துணிவு வரவில்லை. 2016-ல் அந்த நோட்டு செல்லாமல் போனது. வரிசையில் நின்று இரண்டு 2,000 ரூபாய் நோட்டாக மாற்றி மறுபடி கவரில் வைத்தேன். அதுவும் போய்விட்டது. போன மாதம் புது நோட்டு வைத்த கவரோடு அந்தக் கடைக்கே போய், இரண்டு கிலோ துவரம்பருப்பு வாங்கி, யாரும் பார்க்காதபோது தராசுக்கு அடியில் கவரைச் சொருகிவிட்டு இறங்கினேன். விளக்குத்தூண் பக்கம் வருவதற்குள் கடைப் பையன் மூச்சிரைக்க ஓடிவந்து, “சார், கவரை விட்டுட்டு வந்துட்டீங்க” என்று கையில் கொடுத்துவிட்டான். தேங்க்ஸ் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அண்ணாச்சி இன்னும் இருக்கிறார். மகன்தான் கல்லாவில் உட்காருகிறார். யாருக்கும் தெரியாமல் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா? இப்படி ஒளிந்து கொடுப்பது கோழைத்தனமா?

ஒரு வாசகர், மதுரை


அன்புள்ள நண்பருக்கு,

அடையாளம் தெரியாமல் இருக்கக் கடிதத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கீழமாசி வீதிக்காரர்கள் யாரும் பழைய கணக்கு நோட்டை எடுத்துப் புரட்ட வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2016 நவம்பரில் பழைய நோட்டை மாற்ற ஆளுக்கு இவ்வளவுதான் என்று வங்கியில் முதலில் வைத்த அளவு 4,000 ரூபாய். உங்களுக்காகவே அளந்து வைத்தது போல. அதற்கும் ஒரு படிவம், அடையாள அட்டை, கையெழுத்து. யாருக்கும் தெரியக்கூடாது என்று மறைத்து வைத்த பணத்துக்குப் பேர் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்! வாங்கி வைத்த ரோஸ் நோட்டையும் 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஒரே கவர் பீரோவுக்குள் இருந்தபடியே இரண்டு தடவை காலாவதியாகியிருக்கிறது.

அந்தப் பையன் விஷயத்தில் மட்டும் சிரிக்க முடியவில்லை. நீங்கள் எடுத்தபோது உங்களுக்கு என்ன வயதோ, ஏறக்குறைய அதே வயதுதான் அவனுக்கும் இருக்கும். பணம் இருந்த கவர் அவன் கைக்கு வந்தது. வெயிலில் விளக்குத்தூண் வரைக்கும் ஓடிவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். வாங்கிக்கொண்டு நின்ற உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

சரி, வழிக்கு வருகிறேன். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையில் அனுப்பினால் உங்கள் பெயர் அங்கே விழுந்துவிடும். போதாததற்குக் கல்லாவில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி நாலாயிரம் ரூபாய் வந்த சேதியைத் தெருவுக்கே சொல்லும். தபாலில் ரூபாய் நோட்டு அனுப்புவதென்றால் இன்ஷூர் செய்ய வேண்டும், அனுப்புநர் முகவரி இல்லாமல் அது நடக்காது. உண்டியலில் போட்டுவிடுங்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மீனாட்சியிடமிருந்தா எடுத்தீர்கள்? கோழைத்தனமா என்று கேட்கிறீர்கள். ஆமாம், கொஞ்சம் கோழைத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும், பணம் போய்ச் சேர்ந்தால் சரி. வட்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் 2005-ல் 4,000 ரூபாய்க்கு முக்கால் பவுன் பக்கம் வாங்கியிருக்கலாம். வியாபாரிக்கு அந்தக் கணக்கெல்லாம் மனசிலேயே ஓடும்.

என்னை உறுத்துவது வேறு. உங்கள் கடிதத்தில் அரை வரியில் ஓர் ஆள் வந்து போகிறார். ‘அந்த மாதமே என்னோடு வேலை பார்த்த ஓர் அண்ணன் நின்றுவிட்டார்.’ நின்றாரா, நிறுத்தினார்களா? பரீட்சைப் பணம், செல்லாத நோட்டு, துவரம்பருப்பு இரண்டு கிலோ என்று எல்லாவற்றையும் எழுதிய நீங்கள் இதைக் கமா போட்டுத் தாண்டிவிட்டீர்கள். மொத்தக் கடையில் 4,000 ரூபாய் குறைந்தால் ராத்திரி கல்லாவை எண்ணும்போதே தெரிந்துவிடும். ‘யாரும் என்னைக் கேட்கவில்லை’ என்கிறீர்கள். அப்படியென்றால் வேறு யாரையோ கேட்டிருக்கிறார்கள்.

பொற்கைப் பாண்டியன் கதை நம் ஊர்க் கதை. சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்வதாக வருகிறது. கீரந்தை என்பவன் மனைவியைத் தனியாக விட்டு வெளியூர் போகிறான், அரசனின் காவலை நம்பித்தான். பாண்டியன் ராத்திரியில் அந்தத் தெருப் பக்கம் வருகிறான். ஒருநாள் உள்ளே ஆண் குரல் கேட்கிறது, கதவைத் தட்டிவிடுகிறான். தட்டிய பிறகுதான் புருஷன் திரும்பி வந்துவிட்டான் என்று புரிகிறது. அப்படியே ஓடியிருந்தால் அரசன் மாட்டிக்கொண்டிருக்க மாட்டான். ஆனால் ‘இந்த நேரத்தில் வந்து தட்டியது யார்?’ என்ற கேள்வி அந்தப் பெண்ணின் தலையில் விழுந்திருக்கும். அதனால் தெருவில் இருந்த எல்லா வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுப் போனான் என்று ஊரில் சொல்லும் கதையில் வரும். மறுநாள் விசாரணையில் தன் கையையே வெட்டிக்கொண்டான். சின்ன வயதில் எனக்குக் கை வெட்டியதுதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது மற்ற கதவுகளைத் தட்டியதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அதே வேலையை என் அம்மாச்சி ஊரில் சாணியை வைத்துச் செய்தார்கள். சோழவந்தான் பக்கம், சுற்றிலும் வெற்றிலைக் கொடிக்கால். ஒரு கல்யாண வீட்டில் ஜோடிக் கல் கம்மல் காணாமல் போனது. போலீஸ் வேண்டாம், காளி கோவிலில் காசு வெட்டிப் போடவும் வேண்டாம் என்று பெரியவர்கள் பேசி, மந்தையில் ஓர் அண்டா நிறையத் தண்ணீர் வைத்தார்கள். இருட்டிய பிறகு வீட்டுக்கு ஒருத்தர் ஒரு சாணி உருண்டை கொண்டுவந்து அதில் போட வேண்டும். விளக்கு கூடாது, யாரும் யாரோடும் பேசக்கூடாது. எனக்கு எட்டு வயதிருக்கும். அம்மாச்சி தொழுவத்தில் உட்கார்ந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். “நாமதான் எடுக்கலையே அம்மாச்சி, நாம எதுக்குப் போடணும்?” என்று கேட்டேன். “நாமல்லாம் போடலைன்னா எடுத்தவ எப்படிடா போடுவா?” என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

நானும் கூடவே போனேன். இருட்டில் பொத்து பொத்தென்று உருண்டை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. விடிந்ததும் சாணியைக் கரைத்துப் பார்த்தார்கள். இரண்டு கம்மலும் அடியில் கிடந்தன. ஒரு திருகாணி மட்டும் இல்லை. அதை யாரும் தேடவில்லை.

உங்கள் விஷயத்தில் அண்டா கிடையாது, ஊரும் கூட வராது. அதனால் மற்றவர்கள் செய்ததையும் சேர்த்து நீங்களே செய்தாக வேண்டும். கவரில் பணத்தோடு ஒரு சீட்டு வையுங்கள். உங்கள் பெயர் வேண்டாம். ‘2005-ல் உங்கள் கல்லாவிலிருந்து நான் எடுத்த 4,000 ரூபாய் இது’ என்று எழுதுங்கள். அதற்குக் கீழே அந்த அண்ணனின் பெயரை எழுதி, எடுத்தது அவர் இல்லை என்றும் எழுதுங்கள். இரண்டாவது வரி இல்லாமல் பணத்தை மட்டும் வைத்தீர்கள் என்றால் என்ன நடக்கும் தெரியுமா? அண்ணாச்சி கவரைப் பிரித்துப் பார்த்து, “பரவாயில்லை, அவன் இத்தனை வருஷம் கழிச்சாவது திருந்திட்டானே” என்று அந்த அண்ணனையே நினைத்துக்கொள்வார். நீங்கள் திருப்பிக் கொடுத்ததே அந்த ஆளுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

‘என்னைத் தேட வேண்டாம், இது பாக்கி, நன்கொடை இல்லை’ என்று மூன்றாவதாக ஒரு வரியும் சேருங்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் கொடுக்கிறவர் பெயர் தெரிந்தாக வேண்டும். மாங்குளம் மலையில் சமண முனிவர்களுக்குக் கல்படுக்கை செய்து கொடுத்தவர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே பாறையில் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு வணிகக் குழுவும் உண்டு. இன்றைக்கு உசிலம்பட்டிப் பக்கம் காதுகுத்துக்குப் போனால் செய்முறையை, அதாவது யார் என்ன செய்தார்கள் என்பதை, பெயரோடு மைக்கில் வாசிக்கிறார்கள். என் அக்கா கல்யாணத்து மொய் நோட்டில் ‘பெயர் இல்லை, 501’ என்று ஒரு வரி உண்டு. கொடுத்தவர் நல்ல மனசில்தான் கொடுத்திருப்பார். அப்பாவுக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. எந்த விசேஷத்துக்குப் போனாலும், ‘இவரா இருக்குமோ’ என்று நூறு ரூபாய் கூட்டியே எழுதிவிட்டு வருவார். சாகும்வரை அந்த 501-ஐத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

அப்புறம், நீங்கள் இனி அந்தக் கடைப் பக்கம் போக முடியாது. பையன் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டான், கவரை எங்கே வைத்தாலும் எடுத்துக்கொண்டு ஓடிவருவான். மாதச் சாமான் வாங்க எனக்கு எப்படியும் கீழமாசி வீதிக்குப் போகிற வேலை இருக்கிறது. கவரை என்னிடம் கொடுங்கள். அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு, “ஒருத்தர் கொடுக்கச் சொன்னார், பேர் சொல்லக்கூடாதுன்னுட்டார்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். என்னைத் துருவினாலும் ஒன்றும் கிடைக்காது, உங்கள் பெயரே எனக்குத் தெரியாதே.

கவரை மட்டும் ஒட்டாமல் கொடுங்கள். சீட்டில் அந்த அண்ணன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோவேன்.

அன்புடன்.