விஜி என்ன தப்பு பண்ணா?

கேள்வி: ஆசிரியர் சார், டெய்லி கேத்தி ஸ்டேஷன் பக்கமாத்தான் வேலைக்குப் போறேன். ஒவ்வொரு தடவையும் மூன்றாம் பிறை பட கிளைமாக்ஸ் ஞாபகம் வந்து விஜி மேல கோவமா வருது. ஞாபகம் போயி கொழந்தை மாதிரி ஆயிட்ட தன்ன அவ்ளோ பாத்துக்கிட்ட சீனுவ, குணமானதும் ஒரு நொடியில தூக்கிப் போட்டுட்டுப் போறாளே, பொண்ணுங்க மனசே இப்படித்தானா?
- ஒரு வாசகர், கேத்தி (ஊட்டி பக்கம்)

பதில்: படம் வந்தது 1982ல சார், இன்னுமா அந்தப் பொண்ணு மேல கேஸ் நடத்திக்கிட்டு இருக்கீங்க?

தூக்கிப் போடணும்னா மொதல்ல கையில இருக்கணும். ரயில்ல உக்காந்திருக்கற பொண்ணு, அவ ஞாபகத்துப்படி, சீனுவ அன்னிக்குத்தான் மொத மொதல்ல பாக்குறா. மழையில சேறும் காயமுமா ஒருத்தன் பிளாட்பாரத்துல குரங்கு வித்தை காட்டிக்கிட்டே கூட ஓடி வர்றான், நீங்களா இருந்தா எறங்கி வந்து கட்டிப்பிடிச்சிருப்பீங்களா? ஜன்னல இழுத்து சாத்தியிருப்பீங்க.

நாம எல்லாரும் சீனுவுக்காகவே அழுது பழகிட்டோம். அவளுக்கு என்ன போச்சுன்னு யாராச்சும் கேட்டோமா? ஆக்சிடென்ட்ல கண்ண மூடுனவ கண்ணத் தொறந்தா ஏதோ ஒரு மலையூரு, பக்கத்துல அப்பா அம்மா அழுதுக்கிட்டு நிக்கறாங்க, நடுவுல இருந்த நாளெல்லாம் காணோம், எங்க இருந்தோம், யாரு சோறு போட்டான்னு ஒண்ணும் தெரியாது. அதுல கொஞ்ச நாள் ஒரு விபச்சார விடுதியில போச்சுங்கறத யாரு அவகிட்ட சொல்லப் போறா?

எனக்கு சீனு மேல மரியாதை வர்ற எடம் கிளைமாக்ஸே இல்ல. வைத்தியர்கிட்ட அவளக் கூட்டிட்டுப் போறதே அவன்தான், அதுதான். அவ கொழந்தையாவே இருந்தா கடைசி வரைக்கும் அவன் கூடத்தான் இருப்பா, அது தெரிஞ்சும் கூட்டிட்டுப் போறான். கேட்டது கெடச்சுது, குணமாகறப்ப தன்னையும் சேத்து அழிச்சிடும்னு மட்டும் அவன் நெனைச்சுப் பாக்கல. நீங்க என்னடான்னா அவன் சார்புல கடன் வசூல் பண்ணக் கெளம்பிட்டீங்க.

பழனி மலைப் பக்கம் போனா குணா படம், 1991. அங்க கதை அப்படியே உல்டா. அந்தப் பொண்ணு பேரு ரோகிணி, குணா அவள அபிராமின்னே கூப்புட்டு குகைக்குள்ள கொண்டுபோய் வைக்கறான். ஊட்டியில பொண்ணுக்குத் தான் யாருன்னு தெரியல, கொடைக்கானல்ல ஆம்பளைக்கு அந்தப் பொண்ணு யாருன்னு தெரியல, ஆனா நாம ரெண்டையும் காதல்னு ஒரே லிஸ்ட்ல போட்டுட்டு குகை முன்னாடி செல்ஃபி எடுத்துக்கறோம்.

ஒரு விஷயம், தலையில அடிபட்டு ஆளே சின்னக் கொழந்தையா மாறிடறது எல்லாம் சினிமா வசதி. நிஜத்துல பெரும்பாலும் கடைசியா நடந்ததுதான் மொதல்ல அழியும், சின்ன வயசு ஞாபகம் கெட்டியா நிக்கும். இன்னொண்ணு, ஞாபகம் போனாலும் உணர்ச்சி சேந்து போயிடறதில்ல. சுவிட்சர்லாந்துல கிளாபரேட்னு ஒரு டாக்டர் 1911ல எழுதியிருக்காரு, நடந்தது எதுவும் மனசுல நிக்காத ஒரு பேஷன்ட்டுக்குக் கை குடுக்கற சாக்குல குண்டூசியால குத்திட்டாரு (அந்தக் காலத்து டாக்டருங்க!), அடுத்த தடவை அவரு யாருன்னே அந்தம்மாவுக்குத் தெரியல, ஆனா கைய மட்டும் குடுக்க மாட்டேன்னுட்டாங்க, ஏன்னு கேட்டா அவங்களுக்கே சரியா சொல்லத் தெரியல. 2010ல அமெரிக்காவுல அயோவாவுல இதே மாதிரி ஆளுங்களுக்கு சோகமான சினிமா காட்சிகளப் போட்டுக் காட்டுனாங்க, கொஞ்ச நேரத்துல படம் பாத்ததே மறந்துபோச்சு, சோகம் மட்டும் போகல.

எங்க வீட்டுக் கதையையும் சொல்லிடறேன், பொண்ணுங்க மனசப் பத்தி வேற கேட்டிருக்கீங்க இல்ல. குன்னூர்ல எங்க தாத்தாவுக்குக் கடைசி ரெண்டு வருஷம் பாட்டி யாருன்னே தெரியாது, அம்பது வருஷம் குடும்பம் நடத்துன மனுஷி, "யாரும்மா நீ, யாரப் பாக்கணும்"னு வாசல்ல நிக்கவச்சுக் கேப்பாரு. ஆனா ராத்திரி குளுருல முட்டிக்குத் தைலம் தேய்க்க சித்தப்பா போனா எட்டி ஒதைப்பாரு, பாட்டி கை பட்டாத்தான் அமைதியாவாரு. பாட்டி ஒரு நாளும் நன்றி கெட்ட மனுஷன்னு சொன்னதில்ல. தைலத்த தேச்சுக்கிட்டே எங்களப் பாத்து சிரிப்பாங்க, "பக்கத்து வீட்டுக்காரின்னு சொல்லி வச்சிருக்கேன், கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்கா பாரு, கால நீட்டறத!"